விழுந்து முடியாத மரம்

புயலில் மரம் விழுந்து அடிபட்டவர்கள் செய்தியில் வருவார்கள். மறுநாள் அந்த மரத்தை அறுக்கப் போய்க் கால் நசுங்கியவரும், ரம்பம் எகிறித் தோளைக் கிழித்துக்கொண்டவரும், தூர் திரும்பி உட்கார்ந்ததில் குழிக்குள் சிக்கியவரும் எங்காவது ஓர் ஓரத்தில் இரண்டு வரியாகப் போய்விடுவார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஒரே பிற்பகலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மயில்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி, புங்கை என்று எல்லாத் தெருவிலும் ஏதாவது ஒன்று குறுக்கே கிடந்தது. பால் வண்டி வர வேண்டும், ஆம்புலன்ஸ் போக வேண்டும், மின்சாரம் வர வேண்டும். ஆகவே அரிவாள், கோடாலி, மெஷின் ரம்பம், ஜேசிபி என்று கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஆட்கள் இறங்கினார்கள். அவர்கள் செய்தது பெரிய வேலை. அந்த வேலைக்குள் இருக்கும் ஆபத்தை யாரும் அவர்களுக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

வேரோடு சாய்ந்த மரம் ஓய்ந்துபோய்க் கிடப்பதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் அது பாதி வழியில் நிற்கிறது. எதிர்வீட்டு மாடிச் சுவரோ, பக்கத்து மரத்தின் கவையோ, தரையில் ஊன்றிய தன் சொந்தக் கிளையோ அதைத் தடுத்து வைத்திருக்கிறது. விழுந்து முடிக்க வேண்டிய மீதிக்கான ஆற்றல் முழுவதும் வளைந்த கிளைகளிலும் முறுக்கிய அடிமரத்திலும் தூக்கி நிற்கும் வேர்மண்ணிலும் அப்படியே இருக்கிறது. அறுப்பு வேலை என்பது அந்த ஆற்றலை வெளியே விடும் வேலை. அது ஒரே நொடியில் வெளியே வந்தால் ஆள் போவார். கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் வேலை முடியும். கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்கு ரம்பத்தால் ஆகாது. அதற்குக் கயிறு வேண்டும்.

முதலில் தூரிலிருந்து தொடங்கலாம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் மரத்தின் மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகும். அந்த விசை உயரத்தில் இருக்கும் தழையைத் தள்ளுகிறது, அடிமரம் நீண்ட நெம்புகோலாகி அதைத் தூருக்குக் கொண்டுவருகிறது. 1980களில் ஸ்காட்லாந்தில் கௌட்ஸ் என்ற வனவியல் ஆய்வாளர் சிட்கா ஸ்புரூஸ் மரங்களில் கம்பி வடம் கட்டி, இழுத்துச் சாய்த்து, எது எவ்வளவு தாங்குகிறது என்று அளந்தார். மரத்தை நிற்கவைக்கும் விஷயங்கள் நான்கு என்று அவர் பிரித்துக் காட்டினார். காற்று வரும் பக்கத்து வேர்கள் இழுபட்டுத் தாங்குவது, வேரும் மண்ணும் சேர்ந்த தட்டின் எடை, காற்று போகும் பக்கத்தில் அந்தத் தட்டு மடங்கும் இடத்தின் விறைப்பு, அடியில் உள்ள மண்ணின் பிடிப்பு. இவற்றில் பெரும்பங்கு காற்று வரும் பக்கத்து வேர்களுடையது.

நகரத்து மரத்துக்கு இந்த நான்கிலும் ஊறு உண்டு. மழைநீர் வடிகால் தோண்டும்போது ஒரு பக்கத்துப் பக்கவேர்கள் மொத்தமாக வெட்டுப்பட்டிருக்கும். தூரைச் சுற்றிச் சிமென்ட் பூசியிருப்பதால் காற்றும் நீரும் கீழே இறங்காமல் வேர்கள் மேலாகவே படர்ந்திருக்கும். பெரும்பாலான மரங்களுக்கு வேரின் பெரும்பகுதி மேல் மண்ணிலேயே, ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆணிவேர் பாதாளம் வரை போகும் என்பது நாமாக நினைத்துக்கொள்வது. அதோடு புயலுக்கு முன்பே மழை பெய்து மண் ஊறியிருந்தால், மண் துகள்கள் ஒன்றையொன்று பற்றும் வலுவும் குறைந்துவிடுகிறது. மரம் முறியாமல் மண்ணைப் பெயர்த்துக்கொண்டு சாய்கிறது.

அப்படிப் பெயர்ந்த வேர்த்தட்டின் எடையை ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மீட்டர் விட்டம், சராசரியாக அரை மீட்டர் கனம் என்று வைத்தால் மூன்றரை கனமீட்டர். ஈர மண் கனமீட்டருக்கு ஏறத்தாழ 1.7 டன். ஆக, 6 டன். நடுத்தரமான தெருமரம் ஒன்றின் வேர்த்தட்டு இது. இந்த 6 டன் பாதி எழும்பி, சுவர்போலச் சாய்ந்து நிற்கிறது. அதன் பின்னால் ஒரு குழி. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்தக் குழிதான் முதலில் கண்ணில் படும்.

தட்டு ஏன் திரும்ப விழாமல் நிற்கிறது? மறுமுனையில் இருக்கும் அடிமரம், தழை ஆகியவற்றின் எடை அதை எழுப்பிப் பிடித்திருக்கிறது. தராசின் இரண்டு தட்டு போலத்தான். தூரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 6 டன் மண் ஒரு பக்கம் இழுக்கிறது. அதன் சுழற்றுவிசை 6 டன்-மீட்டர். மறுபக்கம், கிடைமட்டமாக 7 மீட்டர் தள்ளி இரண்டரை டன் தழை. அதன் சுழற்றுவிசை பதினேழரை. அடிமரம் தன் பங்குக்கு ஒன்றரை டன், 2 மீட்டர் தள்ளி, இன்னொரு 3. இருபதுக்கும் ஆறுக்கும் போட்டி என்றால் மரம் விழவே செய்யும். சுவர் அதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொண்டிருப்பதால் நிற்கிறது. இப்போது ஆட்கள் வந்து, சுலபமான வேலை என்று தழையை எல்லாம் கழித்துவிடுகிறார்கள். பதினேழரை போய்விட்டது. மூன்றுக்கும் ஆறுக்கும் போட்டி. மொட்டை அடிமரம் தானாக எழுந்து நிற்கிறது, 6 டன் மண் குழிக்குள் வந்து உட்காருகிறது. இதற்கு ஒரு வினாடி பிடித்தால் அதிகம். அடிமரத்தைத் தூருக்குப் பக்கத்தில் ஒரே வெட்டில் அறுத்தாலும் இதுவே நடக்கும், இன்னும் வேகமாக.

தழையைக் கழிக்கக் கழிக்க மரம் பத்திரமாகிறது என்று நாம் நினைப்பதற்கு நேர்மாறு இது. எந்தக் கிளையை எடுத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் யோசிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் ரம்பத்தை வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்பே வேர்த்தட்டையும் அடிமரத்தையும் வலுவான வேறொன்றில் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். குழியின் பக்கம் யாரும் போகாதபடி ஒருவரை நிறுத்துகிறார்கள். அவருக்கு வேறு வேலையே கிடையாது.

அடுத்து, வளைந்த கட்டை. ஒரு கிளை இரண்டு பக்கமும் தாங்கப்பட்டு நடுவில் தொய்ந்திருந்தால் அதன் மேல்புறம் நசுங்கிக்கொண்டிருக்கும், அடிப்புறம் இழுபட்டுக்கொண்டிருக்கும். ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு மறுமுனை தொங்கினால் இது தலைகீழ். நசுங்கும் பக்கத்திலிருந்து ஆழமாக அறுத்தால் வெட்டுவாய் மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்விவிடும். இழுபடும் பக்கத்தில் முதலிலேயே அறுத்தால் நார்கள் ஒவ்வொன்றாக அறும் வரை காத்திருக்காது, கட்டை நீளவாக்கில் பிளந்து எகிறும். ஆகவே நசுங்கும் பக்கத்தில் கொஞ்சம், மூன்றில் ஒரு பங்குக்குள், பிறகு இழுபடும் பக்கத்திலிருந்து மெதுவாக. வெட்டுவாயைப் பார்த்துக்கொண்டே அறுக்க வேண்டும். அது விரிகிறதா, குறுகுகிறதா என்பதை வைத்துத்தான் கட்டைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியும். நல்ல அறுப்பாளியின் கண் ரம்பத்தின் பல்லில் இருக்காது, அந்த விரல் அகல இடைவெளியிலேயே இருக்கும். கட்டை பக்கவாட்டில் வளைந்திருந்தால் வளைவின் உட்புறம் நிற்க வேண்டும். அறுந்ததும் அது வெளிப்புறமாகத்தான் வீசும்.

மரத்துக்குள் புயலுக்கு முன்பிருந்தே சேர்ந்திருக்கும் இறுக்கமும் உண்டு. வேம்பு, புங்கை, தூங்குமூஞ்சி போன்ற அகன்ற இலை மரங்கள் சாய்வாக வளரும்போது, சாய்வின் மேல்புறத்தில் ஒரு தனிவகைக் கட்டையை உருவாக்கும். அதன் நார்களுக்குள் செல்லுலோஸ் இழைகள் கிட்டத்தட்ட நீளவாக்கில் அடுக்கப்பட்டு, வளர்ந்து முற்றும்போது சுருங்கி இழுக்கும். சாய்ந்த கிளையைத் தூக்கிப் பிடிக்கும் தசை என்று அதைச் சொல்லலாம். பைன் போன்ற ஊசியிலை மரங்கள் இதற்கு எதிராக, சாய்வின் கீழ்ப்புறத்தில் விரியும் கட்டையை வளர்த்து அடியிலிருந்து தள்ளிக் கொடுக்கின்றன. எப்படியிருந்தாலும் பல ஆண்டுகளாகச் சேர்ந்த இறுக்கம் அது. பழைய சாய்வு உள்ள மரம் புயலில் இன்னும் சாய்ந்தால் இரண்டு இறுக்கமும் ஒன்றுசேரும். வெட்டியதும் வாது தொடை உயரத்துக்குப் பிளந்து, பிளந்த பாதி அறுப்பவரின் முகத்துக்கு நேராக எழும்புவது இதனால்தான்.

தென்னைக்கு இந்தக் கதை பொருந்தாது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் லட்சக்கணக்கில் தென்னைகள் சாய்ந்தன. தென்னை புல் இனத்துக்குப் பக்கத்து உறவு. அதற்கு ஆண்டு வளையம் இல்லை, வாது இல்லை, பக்கவேர் இல்லை. சல்லிவேர்க் கொத்து ஒன்றுதான் அடியில். வைரம் பாய்வது நடுவில் இல்லாமல் வெளிச்சுற்றில். உள்ளே சோறு. ஆகவே தூர்க்கட்டை சிறியது, அறுப்பதும் நேரானது. ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்துத் தென்னை அடுக்கிக் கிடக்கும் தோப்பில் அடியில் இருப்பதை முதலில் அறுக்கும் தவறு உயிரை வாங்கிவிடும். மேலிருந்து கீழே வருவது மட்டுமே வழி.

இனி கயிற்றுக்கு வருவோம். ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். தூங்குமூஞ்சி ஒன்று வேரோடு பெயர்ந்து, தெருவைக் கடந்து, எதிர்வீட்டு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருக்கிறது. கீழே ஒரு ஓட்டுத் தாழ்வாரம், குடிநீர்த் தொட்டி, இரண்டு ஸ்கூட்டர். எதையும் கீழே தள்ளிவிட முடியாது. கிரேன் நுழையத் தெரு அகலம் போதாது.

முதல் வேலை மின்சாரம். மேலே ஓடும் கம்பியை மட்டும் பார்த்தால் போதாது. சென்னையில் பல இடங்களில் மின் கேபிள் பூமிக்கடியில் போகிறது, வேர்த்தட்டு எழும்பும்போது அதையும் குடிநீர்க் குழாயையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும். தெருவில் மின்சாரம் இல்லை என்பதை நம்பவும் முடியாது. யாராவது வீட்டில் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தால் அது மின்மாற்றி வழியாகத் திரும்பிப் போய்க் கம்பியில் உயர் அழுத்தமாக நிற்கும். பச்சை மரம் ஈரத்தோடு இருப்பதால் அதுவே மின்சாரத்தைக் கடத்தும். மின்வாரிய ஊழியர் வந்து இணைப்பைத் துண்டித்து, கம்பியைத் தரையோடு இணைத்து, சரி என்று சொல்லும் வரை தொடக் கூடாது.

அடுத்த கேள்வி, எங்கே ஏறுவது? விழுந்த மரத்தில் ஏறவே கூடாது. அது எந்த நேரமும் நகரலாம், நகரும் பொருளில் உங்களைக் கட்டிக்கொண்டால் நீங்களும் அதோடு போவீர்கள். பக்கத்தில் ஆரோக்கியமான ஒரு வேம்பு நின்றால் அதில் ஏறி, அதிலிருந்தே தொங்கிக்கொண்டு விழுந்த மரத்தில் வேலை செய்ய வேண்டும். அந்த வேம்பும் அதே புயலைத்தான் தாங்கியிருக்கிறது. அதன் தூரைச் சுற்றி மண் வெடித்திருக்கிறதா, காளான் முளைத்திருக்கிறதா, கவையில் விரிசல் ஓடுகிறதா என்று கீழேயே பார்த்துவிட வேண்டும். பிறகு 300, 400 கிராம் எடையுள்ள சிறு பையை மெல்லிய நூலில் கட்டி உயர்ந்த கவைக்கு மேலாக எறிகிறார்கள். நூலைப் பிடித்து ஏறுகயிற்றை இழுக்கிறார்கள். ஏறுவதற்கு முன்னால் இரண்டு பேர் ஒன்றாக அந்தக் கயிற்றில் தொங்கி, குதித்துப் பார்க்கிறார்கள். ஒருவர் எடை தாங்க வேண்டிய கவை இருவர் எடையை முதலில் தாங்கட்டும் என்பதே காரணம்.

ஏறுகயிற்றின் உயிர் ஒரு சின்ன முடிச்சில் இருக்கிறது. மெல்லிய கயிற்றை முதன்மைக் கயிற்றின் மேல் நான்கைந்து சுற்றுச் சுற்றிப் போடும் உராய்வு முடிச்சு. எடை விழுந்தால் இறுகிக் கவ்வும். கையால் மேலிருந்து அழுத்தினால் வழுக்கி இறங்கும். ஆஸ்திரிய மலையேற்றக்காரர் கார்ல் புருசிக் 1931ல் இதை உலகுக்குச் சொன்னார், இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. மரமேறிகள் இதன் வேறு வடிவங்களைப் பயன்படுத்துகிறார்கள். இந்த முடிச்சு இருப்பதால் ஏறியவர் கிளையின் நுனி வரை நடந்து போகலாம், இரண்டு கையையும் விட்டுவிட்டு வேலை செய்யலாம். மெஷின் ரம்பத்தை மரத்தில் எடுத்தால் இரண்டாவதாக ஒரு பிணைப்பும் கட்டாயம். ரம்பம் தவறுதலாக ஒரு கயிற்றை அறுத்தாலும் மற்றொன்று இருக்கும்.

நம் ஊரில் பனையேறிகளும் தென்னை ஏறுபவர்களும் காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு ஏறும் வேகத்தை நான் வியந்து பார்த்திருக்கிறேன். கிளையே இல்லாத, நேராக நிற்கும் ஒற்றை மரத்துக்கு அது நூற்றாண்டுகளாகப் பழகி வந்த முறை. வாதும் கவையுமாகப் பரந்து, பாதி பெயர்ந்து நிற்கும் மரத்தில் அதே ஆளை அதே தளைநாரோடு ஏற்றுவது அவர் திறமையைத் தவறாகப் பயன்படுத்துவது. புயலுக்குப் பிறகு இது நடக்கிறது. மரமேறத் தெரிந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக அவரைக் கூப்பிடுகிறோம், ஒரு ஹெல்மெட் கூடக் கொடுப்பதில்லை.

மெஷின் ரம்பத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. அதன் சங்கிலி வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தகட்டின் நுனியில் மேல் கால்பகுதி எதிலாவது பட்டால் பல் கடிப்பதற்குப் பதில் தகடு முழுவதும் பின்னால், அறுப்பவரின் முகத்தை நோக்கி எகிறும். புயலில் விழுந்த தழைக்குள் இது நடக்க வாய்ப்பு மிக அதிகம், ஏனெனில் நுனி எங்கே இருக்கிறது என்பது இலைகளுக்குள் தெரியாது. ரம்ப வேலைக்கென உள்ள கால்சட்டையில் துணிக்கு உள்ளே நீண்ட நார்கள் அடுக்கடுக்காக இருக்கும். ரம்பம் பட்டதும் அவை உருவி வந்து பல்லில் சிக்கி இயந்திரத்தையே நிறுத்திவிடும். சென்னை வெயிலில் அது வேகும் என்பது உண்மைதான். லுங்கியோடு நிற்பவரின் தொடையை எண்ணிப் பார்க்கும்போது அந்த வேக்காட்டைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன்.

இப்போது மாடிச் சுவரின் மேல் கிடக்கும் வாதுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். வேம்பின் உயரமான, தடித்த கவையில் ஸ்லிங் என்ற கட்டுப்பட்டையைப் போட்டு ஒரு கப்பி மாட்டப்படுகிறது. இறக்குகயிறு அதன் வழியாக ஓடும். ஒரு முனை அறுக்கப்போகும் துண்டில் சுருக்கு முடிச்சாக, அதற்கு முன் ஒரு அரைக்கட்டோடு. மறுமுனை கீழே வந்து, வேம்பின் தூரில் கட்டிய இரும்பு உருளையில் சில சுற்றுச் சுற்றி, தரையில் நிற்பவர் கையில்.

அந்தச் சில சுற்றில்தான் அறிவியல் இருக்கிறது. உருளையைச் சுற்றிய கயிறு தொடும் ஒவ்வொரு இடத்திலும் உராய்வு கொஞ்சம் இழுவிசையைத் தின்கிறது. அடுத்த இடத்துக்கு மிச்சம்தான் போகிறது, அதிலும் அதே விகிதத்தில் தின்னப்படுகிறது. வட்டிக்கு வட்டி மாதிரிப் பெருகும் இந்தக் கணக்கை 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் எழுதிக் காட்டினார். பின்னால் ஜெர்மானியப் பொறியாளர் ஐடெல்வைன் அதை விரிவாக்கினார். உராய்வுக் கெழு 0.25 என்றால், ஒரு சுற்றுக்குக் கையின் இழுப்பைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு சுமை நிற்கும். இரண்டு சுற்றுக்கு 23 மடங்கு. மூன்று சுற்றுக்கு 111 மடங்கு. அரை மீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட பச்சைக் கட்டை 200 கிலோ வரை இருக்கும். இரண்டு சுற்றுப் போட்டால் அதை 9 கிலோ இழுப்பில் ஒருவர் நிறுத்தலாம். மூன்று சுற்றுப் போட்டால் 2 கிலோ போதும், ஆனால் கயிறு ஓடவே ஓடாமல் நின்றுவிடலாம். எத்தனை சுற்று என்று முடிவெடுப்பதே தரையில் நிற்பவரின் கைத்திறன். துறைமுகத்தில் கப்பலின் வடத்தை இரும்புத் தறியில் சுற்றி ஒற்றை ஆள் நிறுத்துவதும் இதே கணக்கில்தான்.

கப்பியில் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது, பலரும் தவறவிடுவது. ஒரு பக்கம் 200 கிலோ தொங்குகிறது. அதைத் தாங்க மறுபக்கத்துக் கயிறும் கீழ்நோக்கி ஏறக்குறைய அதே அளவு இழுக்கிறது. ஆகவே கப்பி மாட்டிய கவை சுமப்பது 400 கிலோ. கட்டை அசையாமல் தொங்கும்போது இது. அறுபட்ட துண்டு முதலில் தொய்வு உள்ள வரை விழும், பிறகுதான் கயிறு பிடிக்கும். 2 மீட்டர் விழுந்து, அடுத்த அரை மீட்டரில் நிறுத்தப்பட்டால், அந்த அரை மீட்டரில் சராசரி விசை எடையைப் போல் 5 மடங்கு, அதாவது 1,000 கிலோ. கவையில் 2,000. கயிற்றைச் சட்டென்று கவ்விப் பிடித்து 20 சென்டிமீட்டரில் நிறுத்தினால் 11 மடங்கு. 200 கிலோக் கட்டைக்காகக் கவையின் மீது 4 டன்னுக்கு மேல். ஏறியவரும் அதே வேம்பில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள்.

இதிலிருந்தே மற்ற விதிகள் எல்லாம் தானாக வருகின்றன. கப்பி வெட்டுக்கு மேலே இருக்க வேண்டும், கீழே இருந்தால் விழும் தூரம் இரட்டிப்பாகும். வெட்டுவதற்கு முன்னால் தொய்வை எடுத்துவிட வேண்டும். துண்டு சிறியதாக இருக்க வேண்டும். விழத் தொடங்கியதும் கயிற்றைப் பிடிக்காமல் ஓடவிட்டு, தரையை நெருங்கும்போது படிப்படியாக நிறுத்த வேண்டும். மேலே இருப்பவர் கையில் ரம்பம் இருந்தாலும் அவர் உயிர் கீழே இருப்பவர் கையில் இருக்கிறது. கீழே இருப்பவர் கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளக் கூடாது, காலடியில் சுருளாகக் கிடக்கும் கயிற்றுக்குள் நிற்கக் கூடாது. துண்டு சுழன்று ஜன்னலில் மோதாமல் இருக்க அதன் மறுமுனையில் ஒரு வழிகாட்டுக் கயிறு, அதைப் பிடிக்க இன்னொருவர். வெட்டப்போகிறேன் என்று மேலிருந்து சொன்னால், சரி என்று கீழிருந்து பதில் வந்த பிறகே வெட்டு.

கயிறு எது என்பதும் முக்கியம். ஹார்டுவேர் கடையில் சுருளாகத் தொங்கும் மஞ்சள், நீலப் பிளாஸ்டிக் கயிறு பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். முதலாவது 165 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும், இரண்டாவது 130 அளவிலேயே. கனமான கட்டையோடு அந்தக் கயிறு ஒரு கவையில் உரசி ஓடினால் உராய்வின் சூடு அதன் மேல்தோலை இளக்கிவிடும். ஓடி முடித்த கயிற்றைத் தடவிப் பாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் கண்ணாடிபோல் வழவழப்பாக, விறைப்பாக இருக்கும். நார்கள் உருகி ஒட்டி மறுபடி உறைந்த இடம் அது, அடுத்த முறை அங்கேதான் அறும். பாலியெஸ்டர் 250 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதிகம் நீளவும் நீளாது. ஆகவே இறக்குகயிற்றுக்குப் பாலியெஸ்டர் பின்னல் கயிறே ஏற்றது. நல்ல 16 மில்லிமீட்டர் கயிறு அறுவதற்கு 6, 7 டன் இழுவிசை வேண்டியிருக்கும். அதைக் கேட்டுவிட்டு 5 டன் தொங்கவிட முடியாது. முடிச்சு போட்ட இடத்தில் கயிறு கால் பங்கிலிருந்து பாதி வரை வலுவிழக்கும். வெயில், மண், பழைய அதிர்ச்சிகள் இன்னும் கொஞ்சம் தின்னும். அறும் அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை வைக்காமல் இருப்பதே இந்தத் தொழிலின் வழக்கம்.

இவ்வளவுக்கும் தேவைப்படும் கருவிகள் விண்வெளிச் சமாச்சாரம் ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று தரமான கயிறுகள், சில ஸ்லிங்குகள், இரண்டு கப்பிகள், ஓர் இரும்பு உருளை, இரண்டு ஹார்னஸ், ஹெல்மெட்டுகள். ஒரு ஜேசிபியின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மோட்டார் பம்புகளைத் தயார்நிலையில் வைத்திருப்பதாக அறிவிப்பு வருகிறது. அந்தப் பட்டியலில் மரக்கயிறுகளும் அவற்றைப் பிடிக்கப் பயிற்சி பெற்ற நான்கு பேரும் ஒவ்வொரு மண்டலத்திலும் இருக்க வேண்டும். புயல் வந்த பிறகு கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

மீண்டும் அந்தத் தெரு. வாதுகள் இறங்கிவிட்டன. சுவரின் மேல் இனி எதுவும் இல்லை. வேர்த்தட்டும் மொட்டை அடிமரமும் பாக்கி. தட்டை மறுபக்கத்திலிருந்து கம்பி வடமும் செயின் புளாக்கும் கொண்டு பிடித்திருக்கிறார்கள். அடிமரத்தின் நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து வருகிறார்கள், ஆனால் தூரை ஒட்டி அறுப்பதில்லை. ஆள் உயரத்துக்கு ஒரு கட்டையை விட்டுவைக்கிறார்கள். அது நெம்புகோலாகப் பயன்படும், தட்டு முன்பக்கமாகப் புரண்டு வந்தால் முட்டுக் கொடுக்கவும் செய்யும். குழியில் யாரும் இல்லை என்பதை ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார். செயின் புளாக்கை ஒவ்வொரு பல்லாக விடுகிறார்கள். 6 டன் மண் குழிக்குள் மெதுவாகத் திரும்பி உட்காருகிறது.

இப்படித் திரும்பி உட்கார்ந்த ஒரு மரம் வரலாற்றில் இடம்பிடித்திருக்கிறது. 1987 அக்டோபர் 15, 16 இரவு தெற்கு இங்கிலாந்தை உலுக்கிய பெரும்புயலில் லண்டன் கியூ தாவரவியல் தோட்டம் சுமார் 700 மரங்களை இழந்தது. அங்கே 1798ல் நட்ட ஓக் ஒன்றைப் புயல் வேர்த்தட்டோடு தூக்கி, அதே குழியில் திரும்ப வைத்துவிட்டது. அதற்கு முன்பே அது நலிந்துகொண்டிருந்தது. அகற்ற வேண்டிய மரங்களின் வரிசையில் அதைக் கடைசியில் வைத்து, முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, மற்ற மரங்களைக் கவனிக்கப் போனார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்து பார்த்தபோது அது புதிதாகத் தளிர்த்துச் செழித்திருந்தது. பல ஆண்டுகளாகப் பார்வையாளர்களின் காலடியில் இறுகிப்போன மண்ணைப் புயல் ஒரே உலுக்கில் தளர்த்தி, வேர்களுக்குக் காற்றும் நீரும் போக வழிவிட்டிருந்தது. அதன் பிறகு கியூவில் முதிய மரங்களைச் சுற்றியுள்ள மண்ணில் அழுத்தக் காற்றைச் செலுத்தித் தளர்த்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். சென்னையில் அந்த இயந்திரம் தேவைப்படுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. நடைபாதை போடும் ஒப்பந்தத்திலேயே, ஒவ்வொரு மரத்தின் தூரைச் சுற்றியும் ஒரு மீட்டருக்குச் சிமென்ட் கூடாது என்று எழுதி, அதை அளந்து பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.